எட்ட நின்றால் ஒரு முகம், கிட்ட வந்தால் ஒரு முகம்: வாசகர் கேள்வி – பதில்

முகம் பார்ப்பது, படம் எடுப்பது, ஆளை அடையாளம் தெரிவது பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். பதில்களுக்குள் போகும் முன் ஒன்று. தூரம் முகத்தை இரண்டு விதமாக மாற்றுகிறது. ஒன்றரை மீட்டருக்குள் நெருங்கினால் முகத்தின் வடிவமே மாறித் தெரியும். பதினைந்து மீட்டரைத் தாண்டினால் நுணுக்கம் கரையத் தொடங்கும். முதலாவது வெறும் கணக்கு. எவ்வளவு விலை உயர்ந்த கேமராவானாலும் அதிலிருந்து தப்ப முடியாது. இரண்டாவது கண்ணின் கூர்மை, வெளிச்சம், லென்ஸ் ஆகியவற்றைப் பொறுத்தது. இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிப் பிரச்சினை.

செல்ஃபி எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது பின்னால் போனமாதிரியும் தெரிகிறது. கண்ணாடியில் அப்படி இல்லை. போனில் கோளாறா?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

போனில் கோளாறு இல்லை, மூக்கிலும் இல்லை. கை நீளம்தான் காரணம்.

மூக்கு நுனியிலிருந்து காது வரை ஏறக்குறைய 12 செ.மீ. ஆழம் இருக்கிறது. போனை மூக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். 42-ஐ 30-ஆல் வகுத்தால் 1.4. அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு நுனி 40 சதவீதம் பெரிதாகப் பதிகிறது. இதையே ஒன்றரை மீட்டரில் எடுத்தால் 162-க்கு 150. வித்தியாசம் 8 சதவீதம்தான். மூன்று மீட்டரில் 4 சதவீதம். அதற்கு மேல் தள்ளிப் போனாலும் பெரிய மாற்றம் இருக்காது. அமெரிக்க முக அறுவை சிகிச்சை மருத்துவர்கள் 2018-ல் வெளியிட்ட கணக்கும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: 30 செ.மீ. தூரத்துப் படத்தில், முகத்தின் அகலத்தோடு ஒப்பிட்டால், மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரிகிறது, ஐந்து அடியில் அந்தக் குறை இல்லை. செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கச் சொல்லி வருகிறவர்களுக்காகவே அந்தக் கணக்கைப் போட்டார்கள். இதைப் படிக்கிற பெண் பிள்ளைகள் அதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடியில் ஏன் அப்படித் தெரிவதில்லை? கண்ணாடிக்கு 50 செ.மீ. முன்னால் நின்றால் உங்கள் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு 50 செ.மீ. தள்ளி நிற்கிறது. ஆக, நீங்கள் உங்களை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள். இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் நெற்றி உச்சி தெரியும் இடத்திலும் தாடை முடியும் இடத்திலும் சோப்பால் கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே அளந்தால் உங்கள் முக நீளத்தில் சரியாகப் பாதி இருக்கும். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாலும் முகம் அதே கோடுகளுக்குள்தான் அடங்கும். அதோடு, கண்ணாடியில் இடம் வலம் மாறிய முகத்துக்கு நாம் பழகிவிட்டோம். படத்தில் அது மாறாமல் வருவதும் 'இது நான் இல்லையே' என்ற எண்ணத்தைக் கூட்டும்.

செய்ய வேண்டியது: போனை அலமாரியில் சாய்த்து வைத்து, பின்பக்கக் கேமராவில் டைமர் போட்டு, ஐந்து அடி தள்ளி நில்லுங்கள். லென்ஸ் கண் மட்டத்தில் இருக்கட்டும். முகம் சிறிதாக வந்தால் 2எக்ஸ் ஜூம் போடுங்கள், அல்லது பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். செல்ஃபிதான் வேண்டும் என்றால் கையை முழுதாக நீட்டி எடுத்து வெட்டுங்கள். 30-லிருந்து 60 செ.மீ.க்குப் போனாலே 40 சதவீதம் 20 ஆகிவிடும்.

85 எம்.எம். லென்ஸ் போட்டால் முகம் அழகாக வரும் என்கிறார்கள். அப்படியானால் தூரமா, லென்ஸா?
– ஸ்டுடியோ வைத்திருப்பவர், காவேரிப்பட்டணம்

தூரம். எம்.எம். எண் கூடக்கூட லென்ஸ் பார்க்கும் பரப்பு குறுகும். 85 எம்.எம். போட்டால் முகம் சட்டத்துக்குள் அடங்க நீங்களாகவே பின்னால் போகிறீர்கள். பலன் அதனால் வருவது. அதே இடத்தில் நின்று 35 எம்.எம்.மில் எடுத்து நடுப்பகுதியை வெட்டினாலும் மூக்கும் காதும் அதே விகிதத்தில்தான் இருக்கும், படத்தின் புள்ளிகள் (பிக்சல்)தான் குறையும்.

சின்ன ஸ்டுடியோவில் இடம் இல்லை என்று ஒரு மீட்டருக்குள் நின்று பாஸ்போர்ட் படம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. 2012-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ரோனி பிரையன், பியட்ரோ பெரோனா, ரால்ஃப் அடால்ஃப்ஸ் மூவரும், ஒரே ஆட்களை 45 செ.மீ.யிலும் 135 செ.மீ.யிலும் படம் எடுத்து, முகங்களை ஒரே அளவாக்கிப் பிறரிடம் காட்டினார்கள். கிட்ட எடுத்த முகங்களுக்கு நம்பகத்திலும், திறமையிலும், அழகிலும் மதிப்பெண் குறைந்தது. ஏன் குறைத்தோம் என்பது போட்டவர்களுக்கே தெரியவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளையின் படத்தை எடுக்கும்போது ஒன்றரை மீட்டராவது விடுங்கள். இரண்டு மீட்டர் இன்னும் நல்லது.

கல்யாண மேடைக் குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர் குண்டாக வருவது வேறு சங்கதி. அது அகன்ற கோணத்தின் ஓரம் இழுபடுவதால் வருகிறது. பின்னால் போய் எடுங்கள், ஓரத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விடுங்கள், பிறகு வெட்டுங்கள்.

மாந்தோப்பில் இரவு காய் திருடிக்கொண்டு ஓடியவனைப் பார்த்தேன். நாற்பது மீட்டர் இருக்கும், நல்ல நிலா. 'இவன்தான்' என்று அடித்துச் சொல்லலாமா?
– விவசாயி, கிருஷ்ணகிரி

பழக்கமில்லாத ஆளாக இருந்தால் சொல்லாதீர்கள், ஐயா. உங்கள் நேர்மை மேல் சந்தேகம் இல்லை. கண்ணால் முடிகிற வேலை அல்ல அது.

குறையில்லாத கண், கண் மருத்துவர்கள் 6/6 என்று எழுதும் கண், பட்டப்பகலில் 40 மீட்டரில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு சுமார் 12 மி.மீ. முகத்தின் அகலம் 14 செ.மீ. என்றால், மொத்த முகமும் குறுக்கே பன்னிரண்டு புள்ளிதான். திறந்த கண்ணின் அகலம் 3 செ.மீ., அது மூன்று புள்ளிகூட இல்லை. அதன் உயரம் ஒரு புள்ளிக்கும் குறைவு. மூக்கு, உதட்டின் வடிவம், தழும்பு எதுவும் அந்தத் தூரத்திலிருந்து கண்ணுக்கு வந்து சேர்வதே இல்லை.

இது பகல் கணக்கு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். முழு நிலவின் வெளிச்சம் 0.3 லக்ஸுக்கு மேல் போவதில்லை. அந்த வெளிச்சத்தில் விழித்திரையின் நடுவே கூர்மையாகப் பார்க்கும் பகுதி ஏறக்குறைய வேலை செய்யாது. நிறமும் தெரியாது, கூர்மையும் பல மடங்கு விழுந்துவிடும். நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் வாகனாரும் வான் டெர் ஸ்ரியரும் 1996-ல் சாட்சிகளுக்காக ஒரு வரம்பு சொன்னார்கள்: 15 மீட்டருக்குள், 15 லக்ஸுக்குக் குறையாத வெளிச்சம். தெருவிளக்கின் நேர் கீழே அந்த வெளிச்சம் கிடைக்கலாம். இரண்டு கம்பத்துக்கு நடுவில் கிடைக்காது, தோப்புக்குள் கிடைக்கவே கிடைக்காது.

தெரிந்த ஆள் என்றால் கதை வேறு. பழகிய முகத்தை மூளை மிகக் குறைந்த தகவலிலிருந்தே எடுத்துவிடும். 7-க்கு 10 புள்ளி அளவுக்கு மங்கிய படத்திலேயே பிரபலமானவர்களைப் பாதிக்கு மேல் சரியாகச் சொல்ல முடிகிறது என்பது ஆராய்ச்சியாளர் பவன் சின்ஹா குழுவின் முடிவு. ஆனால் அதே வேகத்தில் தப்பாகவும் எடுத்துவிடும். ஏற்கெனவே ஒருவன் மேல் சந்தேகம் இருந்தால், பன்னிரண்டு புள்ளியில் மிச்சத்தை மனம் அவன் முகத்தைக் கொண்டு நிரப்பிவிடும். கிராமத்தில் எத்தனை பகை இப்படித் தொடங்கியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

பார்த்த அன்றே, பிறரோடு பேசும் முன், இவற்றை எழுதி வையுங்கள்: நீங்கள் நின்ற இடம், அவன் நின்ற இடம், இரண்டையும் டேப்பால் அளந்த தூரம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், வெளிச்சம் எங்கிருந்து வந்தது. உயரம், நடை, உடையின் வெளிர்–கருமை இவை தூரத்திலும் ஓரளவு நிற்கும். அவற்றைத் தனியாக எழுதுங்கள். மறுநாள் இரவு அதே நேரத்தில் வீட்டு ஆளையே அங்கே நிற்கச் சொல்லிப் பாருங்கள். அவருடைய கண் இருக்கும் இடமே உங்களுக்குத் தெரியவில்லை என்றால், பார்த்தது உருவம், முகம் அல்ல. காவல் நிலையத்திலும் அடையாள அணிவகுப்பிலும் அதை அப்படியே சொல்லுங்கள்.

கடையில் 2 மெகாபிக்சல் சி.சி.டி.வி. நான்கு போட்டிருக்கிறோம். படம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் யார் முகமும் தெரியவில்லை.
– ஹார்டுவேர் கடைக்காரர், கிருஷ்ணகிரி பைபாஸ்

திரையில் படம் பளிச்சென்று இருப்பதும், ஒரு முகத்துக்கு எத்தனை புள்ளி கிடைக்கிறது என்பதும் வேறு வேறு. 2014-ல் வந்த சர்வதேசத் தர அளவு இப்படி: ஆள் இருப்பது தெரிய மீட்டருக்கு 25 புள்ளி, பழகிய ஆளை அறிய 125, பழக்கமில்லாத ஆளை அடையாளம் காட்ட 250. 250 என்றால் முகத்துக்குக் குறுக்கே 35 புள்ளி கிடைக்கும்.

2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 புள்ளி. 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர். கேமரா பார்க்கும் பரப்பின் அகலம் அதைத் தாண்டும் இடத்தில் அடையாளம் போய்விடும். அந்த இடம் லென்ஸைப் பொறுத்தது. பொதுவாக மாட்டுகிற 2.8 எம்.எம். லென்ஸில் ஏறக்குறைய 3 மீட்டர். 3.6-ல் 4 மீட்டர். 6 எம்.எம்.மில் ஏழரை மீட்டர். 12-ல் 17 மீட்டர். பழகிய ஆள் மட்டும் போதும் என்றால் இவற்றை இரட்டித்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாலர் 2.8-ஐ மாட்டுவதற்குக் காரணம், முழுக் கடையும் ஒரே திரையில் தெரிந்தால் வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார் என்பதுதான். நான்கில் ஒன்றை மட்டும் 6 எம்.எம்.முக்கு மாற்றி வாசலைப் பார்க்க வையுங்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அந்த இடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது உயரம். மூன்றரை மீட்டரில் மாட்டி மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரைப் பார்த்தால் 30 டிகிரிக்கு மேல் கீழ்நோக்கிய பார்வை. தொப்பியும் உச்சந்தலையும்தான் பதியும். 2.3 மீட்டருக்கு இறக்கினால் 13 டிகிரி ஆகும், முகம் கிடைக்கும். கை எட்டுமே என்று பயந்தால், மேலே உள்ள இன்னொரு கேமராவை இந்தக் கேமராவைப் பார்க்கும்படி வையுங்கள்.

மூன்றாவது, இரவில் கேமராவின் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் உள்ளே விழும் நேரம். ஆள் குறுக்கே நடந்தால் நொடிக்கு 1.4 மீட்டர் போகிறார். ஷட்டர் 1/25 நொடி என்றால் அந்த நேரத்துக்குள் 5.6 செ.மீ. நகர்ந்துவிடுகிறார். அது 14 புள்ளி. 35 புள்ளி முகத்தில் 14 புள்ளி இழுபட்டால் என்ன மிஞ்சும்? 1/100 வையுங்கள், மூன்றரைப் புள்ளிதான் இழுபடும். படம் இருட்டினால் வாசலில் ஒரு எல்.இ.டி. பல்பு கூட்டுங்கள். ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள்.

வாசல் நெடுஞ்சாலையைப் பார்த்திருந்தால், பகலில் வெளி வெளிச்சத்துக்கு எதிரே முகம் கறுத்துவிடும். செட்டிங்கில் டபிள்யூ.டி.ஆர். என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். பதிவு அடர்த்தியையும் (நொடிக்கு எவ்வளவு தரவு பதிகிறது என்பதை) பாருங்கள்: இடம் மிச்சம் பிடிக்க 512 கே.பி.பி.எஸ். என்று வைத்திருந்தால், நகர்கிற முகம் கட்டம் கட்டமாக உடையும். வீடியோவைச் சுருக்கும் முறை எச்.265 என்றால் 2 எம்.பி.பி.எஸ்., எச்.264 என்றால் 4 வையுங்கள்.

இணையத்தில் ஒரு படம். கிட்டப் பார்த்தால் ஐன்ஸ்டைன், எட்டப் போனால் மர்லின் மன்றோ. எப்படி?
– பத்தாம் வகுப்பு மாணவர், அரூர்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஓட் ஒலிவா என்ற ஆராய்ச்சியாளர் உருவாக்கியது. ஒரு முகத்தின் மெல்லிய கோடுகளை மட்டும் எடுத்து, இன்னொரு முகத்தின் மங்கலான நிழல்களோடு சேர்த்திருக்கிறார். கிட்டே கோடு ஜெயிக்கும். தள்ளிப் போனால் கோடுகள் கண்ணின் எல்லைக்குக் கீழே போய்விடும், நிழல் மட்டும் மிஞ்சும். கண்ணாடி போடுகிறவர் கழற்றிப் பார்த்தால் நின்ற இடத்திலேயே மன்றோ வந்துவிடுவார்.

எங்கள் ஜமாவில் (கூத்துக் குழுவில்) புதிதாக வேஷம் கட்டுகிறவர்கள் அரிதாரத்தில் நுணுக்கமாகப் பூவேலை செய்கிறார்கள். வாத்தியார் 'புருவத்தைத் தடியாகப் போடு' என்கிறார். எது சரி?
– கூத்துக் கலைஞர், பென்னாகரம் பக்கம்

வாத்தியார் சொல்வது சரி. கடைசி வரிசை முப்பது மீட்டரில் இருந்தால், 9 மி.மீ.க்குக் குறைந்த எதுவும் அங்கே போய்ச் சேராது; அதுவும் நல்ல வெளிச்சத்தில், நல்ல கண்ணுக்கு. விடிய விடியப் பார்க்கிற கண்ணுக்கு இரட்டிப்பாக வையுங்கள்: புருவம் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ., கண்ணுக்கும் புருவத்துக்கும் நடுவே அதே அளவு வெளிர் இடம். அந்த வெளிர் இடத்தை விடாமல் மை இழுத்தால் இரண்டும் ஒட்டி ஒரே கறையாகிவிடும். புருவத்துக்கு இவ்வளவு மரியாதை சும்மா இல்லை. பிரபலங்களின் படத்தில் கண்ணை அழித்ததைவிடப் புருவத்தை அழித்தபோதுதான் அடையாளம் அதிகம் தவறியது என்று 2003-ல் வந்த ஆய்வு காட்டியது. பூவேலை வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். முன்வரிசைக் குழந்தைகள் அதைத்தான் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஆனால் புருவம், கண், மீசை முடிந்த பிறகு செய்யுங்கள்.

போட்டதும் சோதிக்க வழி: போனில் முகத்தைப் படம் எடுத்து, திரையில் முகத்தின் அகலம் சரியாக 1 செ.மீ. ஆகும்வரை சுருக்குங்கள். போனை ஏழடி தள்ளி வைத்துப் பாருங்கள். முப்பது மீட்டரில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது அவ்வளவுதான்.

சிரிப்பும் வியப்பும் தூரத்துக்கு எட்டும், பயம் எட்டாது என்பதை ஸ்மித், ஷின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 2009-ல் அளந்து காட்டினார்கள். வாய் பெரிய வடிவம், தூரம் தாங்கும். பயம் கண் ஓரத்தில் இருக்கிறது. ஆகவே பயத்தைத் தோளிலும் பின்வாங்கும் காலிலும் காட்டச் சொல்லுங்கள். ஃபோகஸ் லைட்டைத் தரையில் வைக்காதீர்கள். கீழிருந்து வெளிச்சம் வந்தால் மூக்கு நிழலும் புருவ நிழலும் தலைகீழாகி, தெரிந்த முகமே தெரியாமல் போகும். தலைக்கு மேலே, சற்றுப் பக்கவாட்டில் கட்டுங்கள்.

திருப்பதி போய் மொட்டை போட்டு வந்ததிலிருந்து பத்து மாதக் குழந்தை அப்பாவைப் பார்த்தாலே அழுகிறது. பயப்பட வேண்டுமா?
– இளம் தாய், ஊத்தங்கரை

வேண்டாம். குழந்தை முகத்தை நம்மைப்போலப் படிப்பதில்லை. பிறந்த சில நாளில் 20–30 செ.மீ. வரைதான் ஓரளவு தெளிவு. பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. அப்போது அது பற்றிக்கொள்வது முடியும் நெற்றியும் சேரும் கரும் எல்லையை. 1995-ல் பாஸ்காலிஸ் குழுவினர் தாய்மாரின் முடியைத் துணியால் மறைத்தபோது, சில நாள் குழந்தைகள் தாயையும் வேறு பெண்ணையும் பிரித்துப் பார்க்கவில்லை. பத்து மாதத்தில் முகத்தின் உள்பகுதியும் பழகியிருக்கும். ஆனாலும் அறையின் மறுமூலையிலிருந்து பார்க்கும்போது முடியின் எல்லை பெரிய அடையாளம். அது போய், சந்தனம் வேறு பூசினால், புது ஆள்தான்.

அப்பா எட்டி நின்று வழக்கமாகக் கூப்பிடும் பெயரால் பேசட்டும். குழந்தை உங்கள் இடுப்பில் இருக்கும்போது மெதுவாகக் கிட்டே வரட்டும். அவர் தூக்கப் பார்க்க வேண்டாம். குழந்தை கை நீட்டட்டும். குழந்தைக்கும் மொட்டை போட்டிருந்தால் கண்ணாடியில் இருவரையும் சேர்த்துக் காட்டலாம், பலருக்குப் பிடிக்கும்.

என் மகனுக்கு 12 வயது. பஸ் ஸ்டாண்டில் அவன் அப்பா எதிரே வந்தாலும் கிட்ட வரும்வரை தெரிவதில்லை. திமிர் என்கிறார் என் மாமியார்.
– வாசகி, ஓசூர்

திமிர் என்று முடிவு கட்டும் முன் கண்ணைப் பாருங்கள். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி பவர் –2 என்றால் தெளிவு அரை மீட்டரோடு முடிகிறது. அதற்கு மேல் எல்லா முகமும் மாவு பூசியதுபோலத்தான். பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் ஒரு சோதனை: குடும்பத்தார் மூன்று பேர் ஒரே நிறப் போர்வையைத் தலையோடு போர்த்தி முகம் மட்டும் தெரிய, பேசாமல், பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். உயரம் காட்டிக் கொடுக்காமல் இருக்க உட்கார்ந்துகொள்வது நல்லது. அவன் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி (அழுத்தக் கூடாது) யார் யார் என்று சொல்லட்டும். பிறகு மற்றக் கண். தடுமாறினால், கெட்டி அட்டையில் ஊசியால் 1 மி.மீ. துளையிட்டு அதன் வழியே பார்க்கச் சொல்லுங்கள். துளை வழியே தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போட்டால் தீரும் குறை. தெளியாவிட்டால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். தெளிந்தாலும் பவர் பார்க்க அங்கேதான் போக வேண்டும்.

கண் சரியாக இருந்தும், ஒரு மீட்டரிலேயே முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாமல், குரலையும் நடையையும் முடியையும் வைத்தே கண்டுபிடிக்கிறானா என்று கவனியுங்கள். நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேருக்குப் பிறவியிலேயே முகம் மட்டும் மனதில் பதிவதில்லை. அது அறிவுக் குறைவும் அல்ல, மரியாதைக் குறைவும் அல்ல. அப்படிப்பட்ட பிள்ளைக்கு உறவினர்கள் முதலில் பெயர் சொல்லிப் பேசினால் போதும்.

மாமியாரிடம் இதையும் கேளுங்கள்: அவருக்கு எதிரே இருப்பவரின் முகத்தின் நடுப்பகுதி மட்டும் மங்குகிறதா, கதவு நிலை வளைந்து தெரிகிறதா? ஆமாம் என்றால் அது விழித்திரையின் மையத்தில் வரும் கோளாறாக இருக்கலாம். பையனோடு சேர்த்து அவரையும் அந்த வாரமே அழைத்துப் போங்கள்.